கேட்காமல் காட்டிய படம்

கதிர்,

'அன்புள்ள மகனுக்கு' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை முதலில் போட்டுவிட்டால் அதன் பின்னால் வரவேண்டியதெல்லாம் குழைந்துபோகும் என்று பயந்து விட்டுவிட்டேன். வருகிற வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். நம் உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் நம் மூளையையே எப்படித் தாக்குகின்றன என்று ஆராயப் போகிறாய். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்த பிள்ளை இத்தனை தூரம் போவதை நினைத்தால் என் நெஞ்சு விம்மத்தான் செய்கிறது. அந்த நெஞ்சுக்குள்ளேயே ஒரு கோபமும் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதை இறக்கிவைக்காமல் உன்னை வழியனுப்ப என்னால் முடியாது.

இதை உன் கைக்கு மட்டும் எழுதவில்லை, ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ எங்களைப் பற்றி ஊரறியப் பேசினாயே, அதனால். ஒரு வித்தியாசம் உண்டு. எழுதி முடித்ததும் முதலில் உன் தங்கை ஈஸ்வரியிடம் கொடுத்தேன். "உன்னைப் பத்தி எழுதியிருக்கேன், படிச்சுப் பாரு. வேண்டாம்னா கிழிச்சிரு" என்றேன். அவள் இரண்டு தடவை வாசித்தாள். இரண்டு இடங்களைப் பேனாவால் அடித்தாள். அந்த இரண்டும் இதில் இல்லை. அவளுடைய பெயரை எழுத அவளே சம்மதம் சொன்னாள். உன்னிடம் நான் சம்மதம் கேட்கவில்லை. கேட்காமல் நம்மைப் பற்றி நாலு பேர் பேசினால் எப்படி இருக்கும் என்பது உனக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

சித்தூர்ப் பக்கத்தில் ஒரு வாசகசாலையில் நீ பேசினாயே, மூளை நோய்களைப் பற்றிப் பொதுமக்களுக்கு, மலையாளத்தில். அன்று நாங்கள் பெருமையாகத்தான் இருந்தோம். உன் அப்பா தோட்டத்து டிராக்டரை நிறுத்திவிட்டு, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் "மகன் பாலக்காட்டுப் பக்கம் பேசப் போயிருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பேச்சில் ஒரு துண்டை யாரோ கைபேசியில் பிடித்து அனுப்ப, அது மலையேறி இங்கே வண்டிப்பெரியாருக்கு வந்துசேர நாலு நாள்கூட ஆகவில்லை. ஈஸ்வரி வேலை செய்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை பார்க்கும் பெண், "இது உங்க அண்ணன்தானே? என்னமா பேசுறாரு!" என்று ஆசையாகத்தான் காட்டியிருக்கிறாள். நீ மேடையில் நிற்கிறாய். உன் பின்னால் திரையில் ஒரு பெண். கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. வாய் மென்றுகொண்டே இருக்கிறது, உதடு சுழிக்கிறது, கை காற்றில் எதையோ பிசைகிறது. பச்சை வண்ணச் சுவர். அந்தச் சுவரில் எண்ணெய்க் கறை. அப்புறம் படத்துக்குள் ஒரு பொம்பளை வந்து அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைகிறாள். "நடிக்கிறியாட்டி? நடிக்கிறியா?" என்று கத்துகிறாள்.

கண்ணை மறைத்தால் போதும் என்று நினைத்துவிட்டாயே, கதிர். ஒரு பெண்ணுக்குத் தன் வீட்டுச் சுவர் தெரியாதா? பெற்றவளின் குரல் தெரியாதா?

அன்று நான் காலையில் கிள்ளிய தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வேலைக்குப் போன ஈஸ்வரி அந்நேரத்துக்கு வாசலில் வந்து நின்றாள். காய்ச்சலோ என்று பதறிப்போய் நெற்றியைத் தொடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"நீ என்னை அடிச்சியாம்மா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எப்பட்டி?" என்றேன்.

"எனக்கு மேலுக்கு முடியாம இருந்தப்போ."

நோயாக இருந்த மூன்று மாதமும் உன் தங்கைக்கு ஞாபகம் இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த நோயின் குணமே அது என்று எனக்குச் சொன்னவனே நீதான். தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தது தெரியும். பிறகு ஆஸ்பத்திரிச் சன்னலில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது தெரியும். நடுவில் ஒன்றுமே கிடையாது. அந்த வெற்றிடத்தை ஏழு வருஷமாக நாங்கள் மூடிவைத்திருந்தோம். "காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சு, நல்லா பாத்துக்கிட்டோம், சரியாயிருச்சு" என்பதற்கு மேல் நானும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அன்று வாசலில் நின்று கேட்டாள். பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.

"ஆமாட்டி. அடிச்சேன்."

அவள் அழவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அந்தச் சுவருக்கு இப்போது வெள்ளை அடித்திருக்கிறோம். கறை இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவன் நீ.

நடந்ததை நடந்தபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீ மேடையில் சொன்னதில் பாதிதான் இருந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். நீ பெங்களூரில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாய். ஒரு வாரம் தலைவலி. பிறகு தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு. விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். தேயிலைச் செடியெல்லாம் வரிசை மாறி நடக்குது என்றாள், அடுத்த வீட்டுக்காரர்கள் சோற்றில் ஊசி வைக்கிறார்கள் என்றாள். மூன்றாம் நாள் உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "பரீச்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறாம்மா. கண்டுக்காத, தன்னால சரியாயிரும்." படித்த பிள்ளை சொல்கிறானே என்று நானும் இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓர் ஊசி போட்டு, "வேகம் ஒரு கல்யாணம் நோக்கு, எல்லாம் சரியாகும்" என்று, சீக்கிரம் கல்யாணம் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். பெண்பிள்ளைக்கு எந்த உறுப்பில் எந்த நோய் வந்தாலும் இவர்களுக்கு ஒரே மருந்துதான்.

ஐந்தாம் நாள் உன் பெரியப்பா வந்தார். மலைக்குக் கீழே பேயோட்டுகிற ஒரு சாமியாடி இருக்கிறார், போவோம் என்றார். அப்பா பேசவில்லை. அவர் பேசாவிட்டால் சரி என்று அர்த்தம் இந்த வீட்டில். ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனோம். அந்த ஆள் மிளகாயைத் தணலில் போட்டு அவள் முகத்தை அந்தப் புகைக்கு மேல் பிடிக்கச் சொன்னான். பிடித்தார்கள். அவள் உதைத்தாள். காலைப் பிடிக்கச் சொன்னான். காலை யார் பிடித்தது தெரியுமா? நான். நீ மேடையில் 'குடும்பத்தினர்' என்று சொன்னாயே, அது நான்தான். அவள் "அம்மா, விடச் சொல்லும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அதுதான் அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இதை ஈஸ்வரியிடம் இப்போது சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

எட்டாம் நாள் நீ வந்தாய். அவள் கட்டிலில் விறைத்துக் கிடந்தாள். வாய் மட்டும் ஓயாமல் மென்றுகொண்டிருந்தது. நீ கொஞ்ச நேரம் பார்த்தாய். உனக்கும் பயம். இருபத்திரண்டு வயசு, பயப்படாமல் என்ன செய்யும்? கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாய். "டாக்டர்ட்ட காட்டணும்" என்றாய். அதில் தப்பில்லை. பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய், கதிர்: "ஓங்கி ஒரு அடி குடுத்துப் பாரும்மா. நடிப்பா இருந்தா நிறுத்திருவா."

நான் அடித்தேன். நீ சொன்னதால் அடித்தேன் என்று தப்பிக்க மாட்டேன். எட்டு நாள் தூக்கமில்லாத ஆத்திரம், அக்கம்பக்கத்தாரின் பார்வை, பயம், எல்லாம் அந்தக் கையில் இருந்தது. கை என்னுடையதுதான். ஆனால் உன் மேடைத் திரையில் என் கை இருந்தது, என் குரல் இருந்தது, உன் குரல் மட்டும் இல்லை. வெட்டி எடுத்துவிட்டாய். அந்தத் துண்டை நான் இருபது தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். நீ பேசுகிற இடத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளி அடுத்ததற்குப் போகிறது. என்னைத் திரையில் ஏற்றிவிட்டு நீ மட்டும் இறங்கிக்கொண்டாய். நான் உன்னைப் பெற்றவள் என்பதால் அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் நாளைக்கு நீ ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும்போதும், உனக்கு ஒவ்வாத ஒரு துண்டை இப்படித்தான் வெட்டுவாயா என்று ஒரு கேள்வி என்னை அரிக்கிறது. எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் நடந்ததில் பாதியைக் காட்டுவது பொய் என்பதைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கிற எவளும் சொல்லிவிடுவாள்.

பிறகு நீ தேர்ந்தெடுத்த தனியார் மனநல ஆஸ்பத்திரி. அதையும் நீ மேடையில் சொல்லவில்லை. அங்கே ஒரு டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "மோள்க்கு லவ் வல்லதும் உண்டோ? கஞ்சா?" என்று கேட்டார், காதல் கீதல் உண்டா என்று. இல்லை என்றேன். "அம்மமாருக்கு ஒன்னும் அறியில்லா" என்று, அம்மாக்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதாகச் சிரித்தார். பத்து நாள் மருந்து கொடுக்கக் கொடுக்கப் பிள்ளை மரக்கட்டை ஆனாள். காய்ச்சல் ஏறியது, வலிப்பு வந்தது. கடைசியில் கையை விரித்து, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்சில் குட்டிக்கானம் இறக்கத்தில் அவள் மூச்சு நின்று நின்று வந்ததும், நீ அவள் நெஞ்சில் கை வைத்து எண்ணிக்கொண்டே வந்ததும் என் கண்ணில் நிற்கிறது. அந்தக் கதிர்தான் என் மகன் என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க ஆசைப்படுகிறேன்.

அங்கே ஒரு சின்ன டாக்டரம்மா. உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள் இருப்பாள். மற்றவர்கள் சீட்டைப் படித்தார்கள். அவள் பிள்ளையின் முகத்தைப் படித்தாள். கட்டிலருகே குனிந்து நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "அம்மா, இந்த வாய் இப்படி அசையறது எப்போ தொடங்கி?" நீ உன் கைபேசியைக் காட்டினாய். முழுசையும். உன் குரலோடு. அவள் பார்த்து முடித்துவிட்டு நம்மை ஒரு வார்த்தை திட்டவில்லை. "இது பிராந்தல்ல, பைத்தியமல்ல. நடிப்பும் அல்ல. மூளைக்கு நீர்க்கட்டு போலொரு வீக்கம், உடம்பு தானே வரவழைத்துக்கொண்டது" என்றாள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தது.

அதை எனக்குப் புரியவைத்தவன் நீதான். அதற்கு உனக்கு நன்றி சொல்லாவிட்டால் நான் மனுஷி இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து சொன்னாய். மூளைக்குள் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்ல ஒரு துளி ரசாயனத்தை விடுகிறது, அதை வாங்கிக்கொள்ள எதிரே ஒரு வாசல் இருக்கிறது. நோய்க்கிருமியைத் தாக்கவேண்டிய எதிர்ப்பொருள் அந்த வாசலையே பகை என்று நினைத்து அடைக்கிறது. வாசல் குறையக் குறைய நினைவு, பேச்சு, அசைவு எல்லாம் தடுமாறுகிறது. "அவளுக்குள்ள ஒண்ணும் ஏறலம்மா. அவ உடம்பு அவளை அடையாளம் தெரியாம அடிக்குது" என்றாய். நான் அப்போது என் கையைத்தான் பார்த்தேன். பிறகு வயிற்றை ஸ்கேன் செய்து, சினைப்பையில் ஒரு சின்னக் கட்டி என்றார்கள். அதில் முடி இருந்தது, நரம்புத் திசுவும் இருந்தது. அந்த நரம்புத் திசுவைக் கண்டுதான் உடம்பு மிரண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கிறது. கட்டியை எடுத்தார்கள், ரத்தத்தின் நீரைப் பிரித்து மாற்றினார்கள், ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீ படிப்பை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே கிடந்தாய். குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றினாய், புண் வராமல் புரட்டிப் போட்டாய், ஒரு அண்ணன் செய்யத் தயங்குகிற வேலையையும் செய்தாய். ஒரு நாள் அவள் சன்னலைப் பார்த்து "காக்கா" என்றாள். நீ வராந்தாவில் ஓடிப்போய் அந்தச் சின்ன டாக்டரம்மாவின் காலில் விழப் பார்த்தாய். இதெல்லாம் நான் மறக்கவில்லை. அதனால்தான் உன் பேச்சைக் கேட்டபோது எனக்கு அத்தனை எரிந்தது. அந்தப் பேச்சில் டாக்டரம்மாவே இல்லையே, கதிர். "நான் கவனித்தேன், நான் சந்தேகப்பட்டேன்" என்கிறாய். நீ படம் பிடித்தாய். கவனித்தவள் வேறொருத்தி.

இன்னொன்று. "படிப்பறிவில்லாத தோட்டத் தொழிலாளித் தாய்" என்று என்னைச் சொன்னாய். தமிழ் மீடியத்தில் பத்தாவது தேறியவள் நான். கொழுந்து கிள்ளுகிறவள் என்றால் கையெழுத்துத் தெரியாதவளாக இருந்தால்தான் உன் கதை எடுப்பாக இருக்குமா? உனக்கு அகரம் எழுதப் பழக்கியது இந்தப் படிப்பறிவில்லாத கைதான். சரி, அதை விடு. எழுதப்படிக்கத் தெரியாதவளாகவே இருந்தாலும் என்ன? மூன்றாம் நாளே "இது நடிப்பு மாதிரி இல்லையே" என்று உன்னிடம் போனில் சொன்னவள் நான். படித்தவன் நீ, இல்லை என்றாய். டிஸ்பென்சரிக்காரர் படித்தவர், கல்யாணம் என்றார். தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் அதைவிடப் படித்தவர், கஞ்சா என்றார். அறியாமை லயத்தில் மட்டும்தான் குடியிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் முன்னால் ஏன் சொன்னாய்?

அந்தத் துண்டு பரவிய நாலைந்து நாளில் இங்கே என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. வயிற்றில் செய்த ஆபரேஷனை நாங்கள் குடல்வால் என்று சொல்லித்தான் வைத்திருந்தோம். நீ மேடையில் சினைப்பை, முடி, கட்டி என்று விளக்கிவிட்டாய். கொழுந்துக் காட்டில் என்னோடு முப்பது வருஷமாக நிற்கிறவள், பெயர் வேண்டாம், குரலை இறக்கி என்னிடம் கேட்டாள்: "அக்கா, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு வயித்துல அதெல்லாம் எப்பிடிக்கா?" கையிலிருந்த கொழுந்தை அவள் முகத்தில் எறிந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து, அப்படிப்பட்ட கட்டி எந்த வயதிலும் வரும், அதற்கும் ஆண் துணைக்கும் சம்பந்தமில்லை என்று நீ எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். நம்பினாளோ என்னவோ. நீ பேசிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டாய். உன் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இங்கே நிற்பது நாங்கள்.

உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். நீ பொறுமையாகத்தான் பேசினாய். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"முகத்த மறைச்சிருக்கேன், பேர் சொல்லல. இது விழிப்புணர்வும்மா. நாலு பேருக்குப் பிரயோஜனம்."

"அவகிட்ட கேட்டியா?"

"அவளுக்குத்தான் அது ஒண்ணுமே ஞாபகம் இல்லையேம்மா. கேட்டாத்தான் வலிக்கும். ஞாபகமே இல்லாத ஒண்ணு எப்பிடி வலிக்கும்?"

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு தடவை நீ கூப்பிட்டும் எடுக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் இத்தனை பெரிய பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு நினைவில்லாத மூன்று மாதமும் அவளுடையது. அவள் மயக்கத்தில் கிடந்தபோது நாம் அவள் உடம்புக்குக் காவல் இருந்தோம். காவல் இருந்தவனுக்கு அதில் உரிமை வந்துவிடாது. தான் பார்க்காத தன்னை ஊரே பார்த்துவிட்டது என்று தெரிகிறபோது ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு எந்த நரம்பு அறிவியலும் வேண்டாம். கேட்டிருந்தால் போதும். அவள் வேலை செய்யும் இடத்துக்கு ஒருநாள் போய்ப் பார். ஊசி குத்துவதற்கு முன்னால் குழாயில் எழுதிய பெயரை வாய்விட்டு வாசித்து, "இது நீங்கதானா? எடுக்கலாமா?" என்று கேட்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேரிடமும் கேட்கிறாள். ஒரு சொட்டு ரத்தத்துக்கே அப்படி.

இனி நான் சொல்லப்போவதை நீ ஈஸ்வரி வாயால் கேட்டிருக்க வேண்டும். அவள் உன்னோடு பேசுகிற மனநிலையில் இல்லாததால் நான் சொல்கிறேன்.

அந்தப் படத்தை அவள் தன் கைபேசியில் வாங்கி வைத்துக்கொண்டாள். "எதுக்குட்டி அத வச்சிருக்க? அழிச்சிரு" என்றேன். "எனக்கு அதைவிட்டா அந்த மூணு மாசத்துல வேற என்னம்மா இருக்கு?" என்றாள். தினமும் பார்த்தாள். எனக்குத் தெரியாமல் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாவது வாரம், வேறொரு எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய், சரோஜா என்று பெயர், அவளையும் கேட்டுத்தான் எழுதுகிறேன், தன் பதினாறு வயது மகளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். டைபாய்டா என்று பார்க்க ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளை நாலு நாளாகத் தூங்கவில்லையாம், கண்டபடி பேசுகிறதாம். வெளியே ஜீப் நிற்கிறது. ரத்தத்தைக் கொடுத்துவிட்டு நேரே கீழே இறங்குவதாக ஏற்பாடு. எங்கே என்று உனக்குத் தெரியும். ஈஸ்வரி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பெயரைக் கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பிள்ளையின் வாய் மெல்லுகிறது. உதடு சுழிக்கிறது.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "என் வாயே எதுக்க வந்து நின்ன மாதிரி இருந்துச்சு" என்றாள் என்னிடம். சரோஜாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இது மூளை நோயாக இருக்கலாம், இன்றைக்கே மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் தாய் நம்பவில்லை. "எங்க வீட்டுக்காரரு வெளிய நிக்காரு. சாமிக்கு நேரம் சொல்லியாச்சு" என்று எழுந்திருக்கிறாள். அப்போது ஈஸ்வரி கைபேசியை எடுத்து அந்தப் படத்தைப் போட்டு அவள் கையில் கொடுத்தாளாம்.

"இது யாரு?" என்று கேட்டிருக்கிறாள் அந்தத் தாய்.

"நான்தான்."

"இந்த அடிக்கிறது?"

"எங்க அம்மா. அவங்களுக்கும் அப்ப தெரியல."

சரோஜா படத்தைப் பார்த்தாளாம், ஈஸ்வரியைப் பார்த்தாளாம், தன் மகளைப் பார்த்தாளாம். பிறகு வெளியே போய்த் தன் புருஷனிடம் ஏதோ சொல்ல, அந்த ஆள் கத்தியிருக்கிறான். அவள் பதிலுக்கு அதைவிடப் பெரிதாகக் கத்தியிருக்கிறாள். ஜீப் மெடிக்கல் காலேஜ் பக்கம் திரும்பியது. முன் சீட்டில் உன் தங்கை, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு. சந்தேகம் சரியாக இருந்தது. சீக்கிரம் வந்ததால் மருந்து சீக்கிரம் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கட்டி ஒன்றும் இல்லையாம். இன்னும் மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரியும் நானும் போய்ப் பார்த்தோம். அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து, தன் அம்மா விரலை இறுக்கிப் பிடித்தது. சரோஜா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "நானும் அடிச்சேன்க்கா" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

இதைப் படித்ததும் உன் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். "பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல, பிரயோஜனம்!" என்பாய். சொல்லாதே. பிரயோஜனம் வந்தது, உண்மை. அதை உன் பெயரில் எழுதிக்கொள்ளாதே. நீ காட்டியது, கண் மறைக்கப்பட்ட பெயரில்லாத ஒரு நோயாளியை. அதைப் பார்த்து இந்த மலையில் ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வம்புதான் பேசினார்கள். இவள் காட்டியது தன்னை. 'நான்தான்' என்று சொன்னதால்தான் அந்த ஜீப் திரும்பியது. அதைச் சொல்ல அவளுக்கு எத்தனை தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பார். எங்களை மன்னிக்காமலேகூட அவள் அதைச் செய்தாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்கே இன்னும் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். கேட்டால் அவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்பதால் கேட்கமாட்டேன்.

நீ போகிற இடத்தில் குழாய்களில் எண் ஒட்டிய ரத்தம் வரும், முதுகுத்தண்டு நீர் வரும், முகமில்லாமல் வரும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுவரும் ஒரு வீடும் உண்டு. ஓர் அம்மாவும் இருப்பாள். அவள் அடித்தவளாகவும் இருக்கலாம். உன்னுடைய தவற்றையும் சேர்த்து எழுத உனக்குத் தெம்பு வராத வரைக்கும் மற்றவர்களின் தவற்றை எழுதாதே. நான் உனக்குச் சொல்லும் புத்தி இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்பாய். தகுதி இல்லாததால்தான் சொல்கிறேன். சரியாக நடந்துகொண்டவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

விமானம் ஏறுமுன் வீட்டுக்கு வா. ஊறுகாயும் பொடியும் கட்டி வைப்பேன் என்று எண்ணாதே, கட்டி வைத்தாலும் அது தனி. அந்த வெட்டாத படத்தை, உன் குரல் இருக்கிற முழுப் படத்தை, எடுத்துக்கொண்டு வா. என்னிடம் கொடுக்காதே. அப்பாவிடம் பேசிச் சமாதானம் பண்ணச் சொல்லாதே. அவளிடம் கொடு. கொடுத்துவிட்டு அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். வைத்துக்கொள்வதும் அழிப்பதும் ஊருக்குக் காட்டுவதும் அவள் இஷ்டம்.

புதன்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை, அவளும் வீட்டில்தான் இருப்பாள். கதவு சாத்தியிருக்கும். தட்டு. நீ தட்டுகிற சத்தம் கேட்டாலும் நான் எழுந்து வரமாட்டேன், அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் வந்து திறந்தால் உள்ளே வா.

அம்மா